உரிம மாற்றமும் பங்களிப்பாளர் உரிமையும்: இந்தியச் சட்டத்தின் நோக்கில்

எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் ஒருவர் கட்டற்ற செயலி ஒன்றின் உதவிக் குறிப்புகளைத் தமிழாக்கி அனுப்புகிறார் என்று கொள்வோம். செயலியின் நிரல் எந்த நாட்டில் இருந்தாலும், அந்தத் தமிழாக்கத்தின் பதிப்புரிமை அவருக்கே உரியது. அதைப் பதிவு செய்ய வேண்டிய தேவையும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணி நிமித்தம் எழுதியவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. அவர் திட்டத்துக்குத் தந்தது பயன்படுத்தும் இசைவு மட்டுமே. நாளை திட்டம் தன் உரிமத்தை மாற்ற நினைத்தால் அவரை மறுபடியும் கேட்டாக வேண்டும். அவர் காலமாகிவிட்டால் அதன்பின் 60 ஆண்டுகள் வரை வாரிசுகளைக் கேட்க வேண்டும். விஎல்சி ஊடக இயக்கியின் நிரலை எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்ற, 2011-12இல் நூற்றுக்கணக்கானோரைத் தேடிப் பிடித்து இசைவு பெற நேர்ந்தது.

இந்த அலைச்சலைத் தவிர்க்க, உரிமையை முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதி வாங்கிவிடலாம் என்கிறார்கள். இந்தியாவில் அந்த வழி அத்தனை உறுதியானதல்ல. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள். எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஆவணம் வேறு சொல்லாத வரை, மாற்றம் காலாவதியாகும். வந்த திருத்தத்தைச் சேர்க்காமல் போட்டுவைக்கும் திட்டங்கள் இதைக் கருத வேண்டும். சட்டச் சிக்கலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: ஊதியமின்றி உழைத்தவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பிடியையும் இந்த ஏற்பாடு பறித்துவிடுகிறது. 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் மென்பொருள்களைக் கட்டுப்பாடான உரிமத்துக்கு மாற்றியபோது, பங்களிப்பாளர்கள் முன்பே ஒப்புக்கொண்ட ஒப்பந்தமே அதற்கு வழிவிட்டது.

இதைவிட நல்ல வழிக்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஏனைய விக்கிப்பீடியாக்களோடு 2009 ஜூனில் குனு ஆவண உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியது. எழுதிய எவரும் உரிமையை எவருக்கும் கொடுத்துவிடவில்லை. பழைய உரிமத்தோடு ‘பிந்தைய பதிப்பு எதுவும்’ என்ற இசைவு சேர்ந்திருந்தது. 2008 நவம்பரில் வந்த அதன் 1.3ஆம் பதிப்பு, 2009 ஆகஸ்ட் 1 வரை மட்டும் இந்த மாற்றத்துக்கு வாயில் திறந்தது. அதன் பின்னரும் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா பங்களிப்பாளர்களிடம் வாக்கெடுத்தே மாறியது.

பிந்தைய பதிப்பை எழுதுவது வேறொரு அமைப்பாயிற்றே என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் புதிய பதிப்புகள் பழையதன் நோக்கத்தோடு ஒத்திருக்கும் என்று அதே உரிமம் வாக்களிக்கிறது. உரிமையை எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் பலவற்றில் அப்படி ஓர் எல்லையே கிடையாது.

இந்தியப் பங்களிப்பாளர்களை நம்பியிருக்கும் தமிழ்த் திட்டங்கள் காலத்தையும் எல்லையையும்கூட எழுதிவைக்க வேண்டும். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 30அ பிரிவு 19ஆம் பிரிவின் விதிகளை உரிமங்களுக்கும் நீட்டுகிறது. ஜிபிஎல் உரிமத்தின் 2ஆம் பதிப்பு காலம் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. 3ஆம் பதிப்பு பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும் என்கிறது. இன்னும் 2ஆம் பதிப்பிலேயே நிற்கும் திட்டங்கள், பங்களித்தவர்களின் மின்னஞ்சல்கள் உயிரோடு இருக்கும்போதே இசைவின் காலத்தையும் எல்லையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.