தலைக்குள் பார்த்த கதை

கி.பி. 1000 அளவில் குர்துபாப் பக்கம் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, தமது ‘தஸ்ரீப்’ நூலில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைக்குள் நீர் சேர்ந்து, நாளுக்கு நாள் தலை பெருத்து, நிமிர்ந்து உட்காரவும் ஏலாமல் போய் அந்தப் பிள்ளை மவுத்தாகிவிடுகிறது. நம்மவர்கள் இதைக் காட்டிப் பெருமை பேசுவதுண்டு. பேசலாம். ஆனால் நீரை உள்ளே மறித்தது கட்டியா, வேறொன்றா என்று பார்க்க அவருக்கு வழியிருக்கவில்லை.

அந்த வழி திறக்க ஒன்பது நூற்றாண்டுகள் சென்றன. 1895 இல் ரொன்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே மண்டையோட்டைத்தான் காட்டியது. 1918 இல் அமெரிக்காவில் வோல்டர் டான்டி, மூளையின் நீரறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அவர் முதலில் பார்த்ததே பிள்ளைகளைத்தான். உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அதன் வழியே ஊசி. மூடியிருந்தால் ஓட்டில் துளை. அறை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், தள்ளுவது கட்டி என்று கணக்கு. கட்டியை நேரே காணாமல், அது தள்ளியதை வைத்தே அரை நூற்றாண்டு வைத்தியம் நடந்தது. புள்ள பட்ட வேதனை வேறு.

1971 ஒக்டோபர் 1 இல், லண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சீ.டி. இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைக் காட்டியது. பின்பு வந்த எம்.ஆர்.ஐ.க்குக் கதிர் தேவையில்லை, காந்தம் போதும். பிள்ளைகளுக்குக் கட்டி அதிகம் வரும் பின்மூளையை, சுற்றியுள்ள எலும்பு மறைக்காமல் அது காட்டும்.

பழைய தெல்தெனிய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போனது. பழக்கங்கள் மூழ்கவில்லை. பிள்ளை சத்தியெடுத்தால் பூச்சி, அல்லது கண்ணூறு; தண்ணி ஓதிக் குடுப்போம். ஓதுவதைக் குறை சொல்ல வரவில்லை. காலையில் எழும்பியதும் தலையிடி, சத்தி, அதோடு நடை தள்ளாடுது, கண் மாறுது என்றால் அன்றே டொக்டரிடம் காட்டோணும். பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, திகன, குண்டசாலை, கண்டி தாண்டினால் வந்துவிடும்.

2016 இல் மஹரகமவுக்குப் பெட் ஸ்கேன் வாங்க, கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபாய் இலக்கோடு புறப்பட்டபோது எல்லாச் சமூகத்தாரும் அள்ளிக் கொடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் அந்த ஸ்கேன் வழக்கமாகச் சீனி கலந்த கதிர்மருந்தைத் தேடுவது. மூளையோ சும்மாவே சீனியை இழுக்கும் உறுப்பு, அதற்குள் கட்டி பல வேளை ஒளிந்துகொள்ளும். மூளைக்கட்டிப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது எம்.ஆர்.ஐ. அதற்குள் அரை மணித்தியாலமாவது அசையாமல் கிடக்கோணும். நாலு வயசுப் புள்ள கிடக்குமா? இயந்திரத்தோடு மயக்கமருந்து டொக்டரும் பக்கத்தில் நிற்க வேண்டும். வசூல் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை.