ரைடிங் பேண்ட்

ரைடிங் பேண்ட் என்பது மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்டுபவர் சாலையில் விழுந்து இழுபடும்போது காலின் தோல் உரியாமல் காப்பதற்காகத் தைக்கப்படும் காற்சட்டை. உராய்வைத் தாங்கும் துணியிலோ பதனிட்ட தோலிலோ இதைத் தைக்கிறார்கள். முழங்காலிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் அடியை வாங்கிக்கொள்ளும் பேட்கள் செருகப்பட்டிருக்கும். பந்தயக்காரர்களின் உடையாகத் தொடங்கிய இது இப்போது ஜீன்ஸாகவும், வலைத்துணிப் பேண்டாகவும், அலுவலக உடைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் மேலுறையாகவும் கிடைக்கிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த உயிர்களைக் காத்திருக்கக்கூடியது பெரும்பாலும் தலைக்கவசம்தான். எந்தப் பேண்டும் அந்தப் பெருமையைக் கோர முடியாது. உயிர் பிழைத்தவர்கள் மருத்துவமனையில் எத்தனை வாரம் கிடக்கிறார்கள், முழங்கால் பழையபடி மடங்குகிறதா என்பவைதான் பேண்ட் சம்பந்தப்பட்ட கேள்விகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. காற்சட்டையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நம் வண்டிகளில் ‘சேலை கார்டு’ இருப்பது அதனால்தான். ஓட்டுபவர் என்ன உடுத்துகிறார் என்பது அவரவர் விருப்பம்.

விழும்போது நடப்பது

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது விழுந்து, உடைக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.65 என்று வைத்துக்கொண்டால், உடல் நிற்பதற்குள் ஏறத்தாழ 15 மீட்டர் இழுபடும். அதற்கு இரண்டு நொடிக்குச் சற்று அதிகமாகும். வேகம் 80 கி.மீ. என்றால் தூரம் 39 மீட்டரை நெருங்கும். நேரம் மூன்றரை நொடி. வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும். மேம்பாலத்தில் விழுவதும் தெருமுனையில் விழுவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சாதாரணப் பருத்தி ஜீன்ஸ் ஆய்வகத்தின் உராய்வுப் பட்டையில் ஒரு நொடிகூடத் தாங்குவதில்லை. முதல் சில மீட்டரிலேயே துணி கிழிந்துவிடும். மிச்சத் தூரத்தைத் தோல்தான் கடக்க வேண்டும். லைக்ரா கலந்து இழுபடும் மெல்லிய ஜீன்ஸும் லெகிங்ஸும் இதைவிட மோசம். கல்லும் மணலும் புதைந்த சிராய்ப்புக் காயத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். ஆழமானால் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை வரை போகும். மூட்டின் மேல் ஏற்பட்ட காயம் தழும்பாக இறுகினால் காலை மடக்குவதே கடினமாகிவிடும்.

உடல் முழுவதும் ஒரே அளவில் தேய்வதில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோடரிக் வுட்ஸ், விபத்தில் சேதமான உடைகளை ஆராய்ந்து உடலை மண்டலங்களாகப் பிரித்தார். முழங்கால், இடுப்புப் பக்கவாட்டு, புட்டம் ஆகியவை அதிகம் அடிபடுபவை. உள்தொடையும் முழங்காலின் பின்மடிப்பும் குறைவாக அடிபடுபவை. பேண்டில் பணத்தை எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே மிச்சப்படுத்தலாம் என்பதை இந்தப் பிரிவினைதான் தீர்மானிக்கிறது. பின்னால் வந்த ஐரோப்பியத் தரநிலைகளும் இதன் மேல்தான் எழுந்தன.

தோலிலிருந்து இழைக்கு

நீண்ட காலம் மாட்டுத்தோல் ஒன்றுதான் நம்பத்தக்க பொருளாக இருந்தது. பிரிட்டிஷ் பந்தய வீரர் ஜெஃப் டியூக் 1950 வாக்கில் தையற்காரர் ஒருவரைக் கொண்டு மேலும் கீழும் ஒன்றான தோலுடையைத் தைத்துப் போட்டார். பந்தயத் தடங்களின் வழக்கமே அதன்பின் மாறியது. இத்தாலியில் லினோ டைனீஸ் 1972இல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருள் மோட்டோகிராஸ் ஓட்டுபவர்களுக்கான தோல் பேண்ட். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த நல்ல மாட்டுத்தோலை உராய்வில் இன்றும் எளிதில் மிஞ்ச முடியாது. எடையும் புழுக்கமும்தான் அதன் எதிரிகள். பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்துப் பட்டறைகள் உலகின் பல பிராண்டுகளுக்கும் தோலுடை தைத்துக் கொடுப்பதால், அதே ஊரில் தைத்த பேண்ட் பிராண்ட் பெயரில்லாமல் விற்கும்போது விலை வெகுவாக இறங்கிவிடுகிறது.

செயற்கை இழையின் கதை டயரில் தொடங்குகிறது. டயருக்கு எடை குறைந்த, உறுதியான இழையைத் தேடிய டுபோன்ட் ஆய்வகத்தில் 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்ததுதான் கெவ்லார். அது அராமிட் குடும்பத்து இழை. உருகுவதில்லை, மிக உயர்ந்த வெப்பத்தில்தான் சிதையும். ஆஸ்திரேலியாவின் டிராகின் ஜீன்ஸ் போன்ற நிறுவனங்கள் 1990களின் பிற்பகுதியில் டெனிமுக்குள் அராமிட் உள்துணி வைத்துத் தைக்கத் தொடங்கின. பார்ப்பதற்குச் சாதாரண ஜீன்ஸாகத் தெரியும் காப்புடை அப்போதுதான் பரவலாயிற்று.

அடுத்து வந்தது டைனீமா போன்ற மிக உயர் மூலக்கூற்று எடை பாலிஎத்திலீன். எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு உறுதியானது. வழுக்கும் தன்மையும் உண்டு. ஆனால் 150 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். இதைத் தனியாக விடாமல் பருத்தியோடு சேர்த்து நெய்வதற்கு அந்தப் பலவீனமும் ஒரு காரணம். கோர்டுரா என்ற பெயரில் வரும் தடித்த நைலானும் பாலியஸ்டரும் 250 டிகிரியை ஒட்டி உருகுபவை. விலை மலிவு, நீடித்த உழைப்பு, மழைக்கும் பாதகமில்லை என்பதால் நடுத்தர விலைப் பேண்டுகளில் பெரும்பாலானவை இவற்றில்தான் தைக்கப்படுகின்றன.

ஜீன்ஸ் வாங்குபவர் இரண்டு கட்டுமானங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்றில் டெனிமுக்குள் அராமிட் துணி தனி அடுக்காக இருக்கும். மலிவானவற்றில் அது முழங்காலிலும் புட்டத்திலும் மட்டும் ஒட்டுப்போட்டதாக இருக்கும். கொஞ்சம் விலை கூடினால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை நீளும். இன்னொன்றில் காப்பு இழையை டெனிம் நூலோடே கலந்து நெய்து ஒரே அடுக்காக்கியிருப்பார்கள். இது இலகுவானது, வெயிலுக்கு ஏற்றது, விலையும் அதிகம். ஒட்டுப்போட்டதை வாங்கினால் உள்பக்கம் புரட்டி, மஞ்சள் நிற அராமிட் துணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் அது இல்லாவிட்டால் அந்தப் பேண்ட் பாதி வேலையைத்தான் செய்யும்.

தரநிலைகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய பாதுகாப்பு உடை ஒழுங்குமுறைக்குப் பிறகு, மோட்டார் சைக்கிள் உடைகளுக்கென ஈஎன் 17092 என்ற தரநிலை 2020இல் வந்தது. இந்தியக் கடைகளில் தொங்கும் நல்ல பேண்டுகளின் உட்பட்டியிலும் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும். இதில் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என ஐந்து வகுப்புகள் உண்டு. துணித் துண்டைச் சுழலும் கையில் பொருத்தி, குறித்த வேகத்துக்குச் சுழற்றி, கான்கிரீட் தளத்தின் மேல் இறக்குவார்கள். அது தானாக நிற்கும்வரை தேயும். உள்ளடுக்கில் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை விழுந்தால் தோல்வி. அதிகம் அடிபடும் மண்டலத்துத் துணி ஏஏஏ வகுப்பில் மணிக்கு 120 கி.மீ.க்கு இணையான சுழற்சியிலும், ஏஏவில் 70 கி.மீ.யிலும், ஏ வகுப்பில் 45 கி.மீ.யிலும் சோதிக்கப்படுகிறது. பி வகுப்பு உராய்வில் ஏ வகுப்புக்குச் சமம். பேட் மட்டும் இருக்காது. சி என்பது பேட்களைப் பிடித்து நிறுத்தும் உள்ளுடை. சிராய்ப்புக்கு அது உதவாது.

இதற்கு முன்பிருந்த ஈஎன் 13595 கடுமையானது. மணிக்கு 29 கி.மீ.க்குச் சமமான வேகத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டையில் முதன்மை மண்டலத்துத் துணி முதல் நிலைக்கு 4 நொடியும் இரண்டாம் நிலைக்கு 7 நொடியும் தாங்க வேண்டியிருந்தது. புதிய தரநிலை சந்தைக்கு இணங்கித் தளர்த்தப்பட்டது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எந்தச் சோதனையும் இல்லாத பேண்டுக்கும் ஏ வகுப்புக்கும் உள்ள தூரம், ஏ வகுப்புக்கும் ஏஏஏவுக்கும் உள்ள தூரத்தைவிட முக்கியமானது என்றே சொல்லத் தோன்றுகிறது.

பேட்களுக்குத் தனித் தரநிலை உண்டு: ஈஎன் 1621-1. 50 ஜூல் ஆற்றலுள்ள அடியை வாங்கி, மறுபக்கம் கடத்தும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை. 20க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. இதே தரநிலையில் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியதைக் காட்டும் ‘டி+’ குறி ஒன்று உண்டு. வெயிலில் மென்மையாகிவிடும் நுரை வேலை செய்யாது. எனவே வேலூரிலோ மதுரையிலோ வண்டி ஓட்டுபவர் இந்தக் குறியைத் தேடுவது நல்லது.

மலிவுச் சந்தையின் பெரிய ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. ஐரோப்பியத் தரநிலைக்கு இணங்கியதைக் குறிக்கும் ‘சிஇ சான்று பெற்றது’ என்ற வாசகம் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும்; சான்று உள்ளே இருக்கும் பேட்டுக்கு மட்டுமே, பேண்டுக்கு அல்ல. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் படமும் வகுப்பின் எழுத்தும் தைத்த உட்பட்டியில் இருந்தால்தான் பேண்டே சோதிக்கப்பட்டது என்று பொருள்.

விலையும் காப்பும்

விலை கூடினால் காப்பும் கூடும் என்று நம்ப இடமில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து அரசு அமைப்புகளின் ஆதரவோடு 2018இல் தொடங்கிய மோட்டோகேப் திட்டம், உடைகளைக் கடையில் சாதாரண வாடிக்கையாளர்போல வாங்கிச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. விலை உயர்ந்தவை தோற்பதும் மலிவானவை தேறுவதும் அதில் புதிதல்ல. ஆய்வாளர் லிஸ் டி ரோம் தலைமையில் ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதியில் விபத்துக்குள்ளான 212 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு இரண்டு பாடங்களைத் தந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்றே தைத்த பேண்ட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதேசமயம், அப்படிப்பட்ட பேண்டுகளில் கால்பங்குக்கும் மேல் விபத்தில் கிழிந்தோ பிரிந்தோ போயின.

பிரிந்துபோவது பெரும்பாலும் தையலில். துணி எவ்வளவு உறுதியானாலும் ஒற்றைத் தையல் பிரிந்தால் பேண்ட் பிளந்துவிடும். இரட்டை, மும்மடித் தையலும், ஒரு வரியாவது சாலையில் தேயாமல் உள்ளே மறைந்திருப்பதும் நல்ல அடையாளங்கள். ஜீன்ஸ் பையின் ஓரத்திலுள்ள உலோகக் குமிழ்கள் விழும்போது இடுப்பில் அழுந்திப் புண்ணாக்கும். ரைடிங் ஜீன்ஸில் அவை இல்லாதிருப்பதே நல்லது.

கையில் காசு குறைவாக இருப்பவர்கள் எளிதில் போகக்கூடிய வழி, இருக்கும் தடித்த ஜீன்ஸின் மேல் முழங்கால் கார்டைக் கட்டிக்கொள்வது. முழங்காலை இது நன்றாகவே காக்கும், இடுப்பைக் காக்காது. வார்ப்பட்டை தளர்ந்தால் விழும்போது கார்டு சுழன்று பக்கவாட்டுக்குப் போய்விடும். இரண்டாவது வழி, பேண்டுக்குள் போடும் அராமிட் உள்ளுடை. மூன்றாவது, அலுவலக உடைக்கு மேல் மாட்டி, போன இடத்தில் கழற்றிவைக்கும் மேலுறைப் பேண்ட். பக்கவாட்டில் முழுநீள ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமலே போடலாம். தினமும் அலுவலகம் போகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். பெங்களூருவின் வியாடெரா, மும்பையின் ரைநாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் வந்தபின் இறக்குமதிப் பேண்டுக்குக் கொடுத்த விலை கொடுக்க வேண்டியதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டும் வண்டியோடு உடையும் விற்கிறது.

வெயில்

தமிழ்நாட்டில் ரைடிங் பேண்ட் அலமாரியில் தூங்குவதற்கு விலையைவிட வெயில்தான் பெரிய காரணம். வலைத்துணிப் பேண்டில் ஓடும்போது காற்று நன்றாகப் புகும். சிக்னலில் நின்றால் எல்லாம் ஒன்றுதான். துளைகள் பெரிதாக ஆக உராய்வில் தாங்கும் திறன் குறையும். ஆகவே தொடையின் முன்புறம் வலையும், முழங்கால், இடுப்பு, புட்டத்தில் நெருக்கமான துணியும் கொண்டதைத் தேர்வது புத்திசாலித்தனம். ஏஏஏ பேண்டை வாங்கி மாட்டிவைப்பவரைவிட ஏ வகுப்பு வலைப்பேண்டைத் தினமும் போடுபவர் பாதுகாப்பாக இருக்கிறார். கணுக்கால்வரை மூடிய பேண்டால் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு: சைலன்சர் சூடு. நம் ஊரில் கெண்டைக்காலில் அந்த வடு இல்லாத ஓட்டுநர் குறைவு.

அளவும் பராமரிப்பும்

ரைடிங் பேண்டைக் கடையில் நின்று பார்த்து வாங்கக் கூடாது. வண்டியிலோ நாற்காலியிலோ முழங்காலை மடக்கி உட்கார்ந்து பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் பேண்டின் கால் நுனி மேலேறும். பேட் முழங்காலின் நடுவிலேயே நிற்க வேண்டும், தொடைக்குப் போய்விடக் கூடாது. பல பேண்டுகளில் பேட் இருக்கும் பையை வெல்க்ரோவால் மேலும் கீழும் நகர்த்தலாம். அளவு தொளதொளவென்றிருந்தால் நல்ல பேட்டும் வீணே.

துவைக்கும்போது பேட்களைக் கழற்றிவிட வேண்டும். அராமிட் இழைக்குக் குளோரின் பிளீச்சும் நேர்வெயிலும் ஆகாது. நிழலில் உலர்த்த வேண்டும். பாலிஎத்திலீன் கலந்த ஜீன்ஸைச் சூடான இஸ்திரிப் பெட்டிக்குக் காட்டக் கூடாது. ஒருமுறை சாலையில் இழுபட்ட பேண்ட், வெளியே கிழிசல் தெரியாவிட்டாலும், தேய்ந்த இடத்தில் இழைகளை இழந்திருக்கும். பலத்த அடி வாங்கிய பேட்டும் அப்படியே. இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.