அதரும் அதைக் காத்தவரும்

அகநானூறு நடத்தும்போது 'அதர்' என்னும் சொல்லில் வகுப்பு சற்று நின்றுதான் நகரும். மலைவழியில் காலடி பட்டுப்பட்டு உண்டான ஒற்றையடித் தடம் அது. மோரியரின் தேர் உருள மலையைக் குறைத்த செய்தியும் அந்நூலில் உண்டு. வழி வெட்டியவரும் பாட்டில் இடம்பெற்றார்; நடந்து வருந்தியவரும் இடம்பெற்றார். "வெட்டிய வழியைப் பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள் ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன். அக்கேள்வியை மனத்தில் சுமந்தபடி படித்ததில் கிடைத்ததுதான் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தடத்தின் வரலாறு.

ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களின் ஊடே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் நடைவழி இது. 1921 அக்டோபரில் பென்டன் மெக்காய் என்ற வனவியலாளர், கட்டடக் கலைஞர்களின் இதழொன்றில் இதற்கான திட்டத்தை எழுதினார். மனைவியை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் கனவில் தடம் ஒரு தொடக்கமே. மலைமுகட்டில் முகாம்களும் கூட்டுறவுப் பண்ணைகளும் எழும், நகரத்து உழைப்பாளர் அங்கே வந்து மூச்சு விடுவர் என்று எண்ணினார்.

கனவைத் தரையில் இறக்கியவர் வேறொருவர். கப்பல்துறை வழக்கறிஞரான மைரன் ஏவரி 1931 முதல் 1952 வரை தடத்தின் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். சைக்கிள் சக்கரம் ஒன்றை உருட்டியபடியே மலைகளை அளந்தவர். தடம் அறுபடாமல் இணைய வேண்டும், அவருக்கு அவ்வளவே. வர்ஜீனியாவின் மலைமுகட்டில் கார்ச்சாலை வந்தபோது மெக்காய் கடுமையாக எதிர்த்தார். தடத்தைச் சற்று ஒதுக்கி அமைத்தால் போதுமென்றார் ஏவரி. கடிதங்கள் கசந்து, இருவரும் பிரிந்தனர். வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும், என் மனம் மெக்காய் பக்கமே சாய்கிறது. எனினும் 1937 ஆகஸ்ட் 14 அன்று தடம் முழுமை பெற்றது ஏவரியின் பிடிவாதத்தால்தான்.

மறுஆண்டே பெருஞ்சூறாவளி நியூ இங்கிலாந்தில் அதனைச் சிதைத்தது. பின்பு போர். மீண்டும் தடம் இணைய 1951 ஆயிற்று.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. ஏறத்தாழ முப்பது உள்ளூர்க் கழகங்கள் தடத்தைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. அவற்றுள் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் சில மைல்கள். ஊதியம் கிடையாது. விழுந்த மரத்தை அறுக்க வேண்டும். எந்திர ரம்பத்துக்குத் தடையுள்ள வனங்களில் இருவர் இழுக்கும் கைரம்பமே கருவி. மரங்களில் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைக் குறியை மங்குமுன் புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது தண்ணீர். சரிவில் குறுக்காகக் கல்லோ கட்டையோ பதித்து மழைநீரைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். அங்கே சருகு அடைத்துக்கொண்டால் நீர் தடத்தின் மீதே ஓடி மண்ணை அரித்துவிடும். சில மழைக்காலங்களில் வழி ஓடையாகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் மண்வெட்டியுடன் போய்ச் சருகு வாருகிறார்கள்.

1968ல் சட்டம் இதைத் தேசியத் தடமாக்கியது. அரசு சுற்றிலும் நிலம் வாங்கிச் சேர்த்தது. 1984ல், அந்நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பையும் தன்னார்வலர் அமைப்பிடமே ஒப்படைத்தது! அதன்பின் எல்லைக் குறிகளைச் சரிபார்ப்பதும், அரிய செடிகளைக் கண்காணிப்பதும் அவர்கள் வேலையாயின.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தென்பகுதி மலைகளில் தடத்தின் மீது எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. வெள்ளம் வடிந்தபின், கழகத்தார் ரம்பங்களுடன் மலையேறினர்.