பள்ளிக்கரணை: நிலத்திற்கு நிதி, கரையில் குடியமர்த்தப்பட்டோருக்கு எது?

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகளின் உபரிநீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியே கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. கழுவெளி எனப்படும் இந்நிலம் நெடுங்காலம் பயனற்றதாகவே நடத்தப்பட்டது. பெருங்குடிக் குப்பைக்கிடங்கு எழுந்ததும் இதன்மீதுதான்.

2007-இல் இதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர், ஐந்தாண்டுகளில் 100 ஈரநிலங்களை மீட்டெடுக்க 115.15 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு ஈரநில இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது. 2022-இல் பள்ளிக்கரணையின் 1,247.54 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தகுதி பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால், இதே அரசுதான் 2000 முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளை இந்த வெள்ள வடிநிலத்தில் அமைத்தது. கூவம், அடையாற்றின் கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட உழைக்கும் மக்கள் பல்லாயிரம் குடும்பங்களாக இங்கு வாழ்கின்றனர். அவர்களுள் கணிசமானோர் தலித்துகள். 2015 பெருவெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நீரில் சூழப்பட்டன. வெள்ளத்திற்குப் பின்னரும், ஆற்றங்கரை ஆபத்தானது என்று கூறி மேலும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்கே அனுப்பப்பட்டன.

நிலத்தைக் காக்கும் நிதி வனத்துறையின் கணக்கில் வருகிறது. மக்களைக் குடியமர்த்தும் நிதி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கணக்கில் வருகிறது. இரு கணக்குகளுக்கும் இடையில் இம்மக்களின் வெள்ளப் பாதுகாப்பு விடுபட்டுவிடும் ஆபத்து உள்ளது. ஈரநில மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்புக்கான வழிகாட்டு நெறிகளை ராம்சர் உடன்படிக்கை நாடுகள் 1999-இலேயே ஏற்றுக்கொண்டன. அரசே கொண்டுவந்து குடியமர்த்தியவர்களும் உள்ளூர் மக்களே; நாளை அவர்களை ஆக்கிரமிப்பாளர் எனச் சுட்ட எவருக்கும் உரிமையில்லை.

பட்டியல் சாதி, பழங்குடியினரின் மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்குவதை மாநிலத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக்கியுள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. எல்லோருக்கும் பொதுவான பணியின் செலவில் ஒரு பங்கைத் தாளில் மட்டும் தலித்துகளின் பெயரில் எழுதிவிடுவது இச்சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றாது. சதுப்புநிலத்திற்குச் செலவிடப்படும் தொகையில் செம்மஞ்சேரியின் வடிகாலுக்கு எவ்வளவு, பெரும்பாக்கத்து இளைஞர்களின் வேலைவாய்ப்புக்கு எவ்வளவு, மேலாண்மைக் குழுக்களில் அம்மக்களுக்கு எத்தனை இடங்கள் ஆகிய மூன்று கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்த மாணவரும் கேட்கலாம். கேட்க வேண்டும்.