ஒல்லாந்தர் வாய்க்காலும் இறால் வளர்ப்போர் சங்கங்களும்

இலங்கையின் வடமேற்குக் கரையோரத்திலே, சிலாபந் தொடங்கிக் கற்பிட்டி வரை செல்வானொருவன் தன் ஒருபுறத்தே கடலையும் மறுபுறத்தே களப்பையும் காண்பான். இவ்விரண்டிற்கும் இடையிலமைந்த மணற்றிடலிலே தென்னையும் பனையும் ஓங்கி நிற்கும்; கரைவலைத் தொழிலாற் பெயர்பெற்ற உடப்பு முதலிய தமிழூர்கள் அத்திடலைப் பற்றியே வாழ்வன. சிலாபக் களப்பு, முந்தற் களப்பு, புத்தளக் களப்பு என்னும் மூன்று நீர்நிலைகளையும் ஒரு நூலிற் கோத்த மணிகள்போல இணைத்துக் கிடப்பது ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலாகும். இந்நாட்டுப் பொருளாதார வரலாற்றிலே அவ்வாய்க்கால் இருமுறை சிறப்புற்றது. கறுவா, பாக்கு முதலியவற்றை வள்ளங்களிலேற்றிக் கொண்டுசெல்லும் வழியாக அமைந்தமை முதன்முறை. இறால் வளர்க்கும் பண்ணைகளுக்கு நீரூட்டும் தாயாக அமைந்தமை இரண்டாம் முறை. முதலாவதைப் பாடநூல்கள் பேசும். இரண்டாவது அண்மைக்கால வரலாறாதலின் அதனை வரலாறென மதிப்போர் சிலரே.

இக்கரையின் தொன்மை பற்றி விரித்துரைத்தல் வேண்டுவதன்று. 1344 ஆம் ஆண்டில் இபன் பதூதா என்னும் அறபு நாட்டுப் பயணி வந்திறங்கிய பத்தாலா என்பது புத்தளமே என அறிஞர் பலர் கொள்வர். ஆரியச் சக்கரவர்த்தியை அவர் கண்டதும், கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடக்கக் கண்டதும் அங்கேயே. ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. அவ்வூரிலே 1807 இற் பிறந்த சைமன் காசிச் செட்டி, 1834 இல் வெளியிட்ட தமது இலங்கை அகராதியில் நாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் தொழில்களையும் வகுத்துரைத்தார். இறாலை ஒரு பயிராக விதைத்து அறுவடை செய்யும் காலம் தம் ஊரயலிலேயே வருமென அவர் கருதியிருக்க மாட்டார்.

ஒரு தொழிலைச் செய்வோர் தமக்கெனச் சங்கம் கண்டு, அரசினரிடம் முறையிட்டும் தமக்குள் விதிவகுத்தும் அத்தொழிலை வளர்த்தல் இக்கரைக்குப் புதிதன்று. 1897 ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் தரிசுநிலச் சட்டத்தை இயற்றியபோது, காணியுரிமையை எழுத்திற் காட்டவியலாத குடியானவர்க்காகச் சிலாபச் சங்கத்தின் பேரால் வாதாடியவர் சாள்சு எட்கார் கொறெயா என்னும் வழக்கறிஞராவர். பின்னர்த் தென்னைப் பயிர்ச்செய்கைக்கென ஓர் ஆராய்ச்சித் திட்டம் 1928 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பெற்று, லுணுவிலையிலே பண்டிருப்புத் தோட்டத்தில் நிலைகொண்டது. ஏற்றுமதியாகும் தென்னம்பொருள்களின்மேல் விதித்த வரியே அதனை நடாத்தியது. தொழிலே தன் அறிவியலுக்குப் பணம் கொடுத்தது என்க. இம்மரபை மனத்திற்கொண்டு நோக்கினாலன்றி, இறால் வளர்ப்போர் சங்கங்கள் திடீரென முளைத்த காளான்கள்போலத் தோன்றும்.

இறால் வளர்ப்பு பழந்தொழில் அன்று. அது பரிசோதனைச் சாலையிற் பிறந்த தொழில். கடலாடும் இறாலைக் கட்டிவைத்து வளர்த்தல் ஆசியக் கரைகளிற் பண்டுதொட்டு நிகழ்ந்ததாயினும், அதன் முட்டையைப் பொரிக்கச் செய்து குஞ்சை வளர்க்கும் வித்தையை முதலிற் கண்டவர் யப்பானியராகிய புசினாகா ஆவர். அஃது 1934 இல் நிகழ்ந்தது. தைவான் தீவினராகிய லியாவோ 1968 இற் புலியிறாலின் குஞ்சுகளை அவ்வாறே வளர்த்துக் காட்டினார். அதன்பின் ஒரு தலைமுறைக் காலத்துள் ஆசியக் கரைகளெங்கும் குளங்கள் தோண்டப்பட்டன. தைவான் முதலில் ஓங்கியது. எண்பதுகளின் பிற்பகுதியில் நோயால் முதலில் வீழ்ந்ததும் தைவானே. அவ்வீழ்ச்சியை அண்டை நாடுகள் எச்சரிக்கையாகக் கொள்ளாது, தமக்குக் கிடைத்த சந்தையாகக் கொண்டமை வியப்புக்குரியது.

இலங்கையில் இத்தொழில் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வேரூன்றிற்று. 1977 இற் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டபின் அந்நியச் செலாவணி ஈட்டும் எத்தொழிலுக்கும் அரசினர் வரவேற்பளித்தனர். முதலில் வந்தவை பெருங் கம்பனிகள். அவற்றின் குளங்களில் வேலைசெய்தும், வேலிக்கு வெளியே நின்று பார்த்தும் தொழிலைக் கற்ற உள்ளூரார் பின்னர்த் தத்தம் காணிகளிற் சிறு குளங்களை வெட்டினர். நான்கைந்து மாதத்தில் ஒரு விளைச்சல்; அதுவும் யப்பானும் ஐரோப்பாவும் விலைகொடுத்து வாங்கும் விளைச்சல். தென்னங் காணியை ஈடுவைத்துக் குளம் வெட்டியோரும் உளர், களப்போரத்துக் கண்டற் காட்டை வெட்டிக் குளமாக்கியோரும் உளர். அக்காட்டு மண்ணைக் கிளறிக் காற்றுப்படச் செய்தால் அஃது அமிலமாகும் என்பதையும், அத்தகைய குளம் சில பருவங்களிலேயே பயனற்றுப்போம் என்பதையும் அவர்கள் பட்டறிந்தனர்.

எனினும் பெருங்கேடு மண்ணிலிருந்து வரவில்லை, நீரிலிருந்து வந்தது. இதனை விளங்கிக்கொள்ள வாய்க்காலின் இயல்பை அறிதல் வேண்டும். அஃது ஆறு அன்று. களப்புகளின் முகங்களை மணற்றிட்டு அடைக்குங் காலங்களில் அதன் நீர் ஏறக்குறைய அசையாது கிடக்கும். பண்ணையாளன் ஒருவன் தன் குளத்துக்கு நீரிறைப்பதும் அவ்வாய்க்காலிலிருந்தே. அறுவடை முடிந்தபின் அழுக்கு நீரை வெளியேற்றுவதும் அவ்வாய்க்காலிலேயே. ஒருவன் வடித்த நீர் அடுத்தவன் இறைக்கும் நீராகின்றது. ஒரு குளத்தில் நோய் கண்டால், அதன் சொந்தக்காரன் எஞ்சியதையாவது விற்போமென விரைந்து அறுத்து நீரைத் திறந்துவிடுவான். அவனைக் குறைகூறலாம், ஆயினும் கடன்பட்டவன் வேறென் செய்வான்? அந்நீரோடு நோயும் அயலார் குளங்களுக்கெல்லாம் செல்லும்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு நோய் வந்து பண்ணைகளை வருத்தியது. 1996 இல் வந்த வெண்புள்ளி நோயோ அதனினும் கொடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்திற் கிழக்காசியாவில் முதன்முதற் கண்டறியப்பட்ட அந்த வைரசு, சில ஆண்டுகளுள் ஆசியக் கரையெங்கும் பரவியது. நோய் தொற்றிய குளத்தில் ஒரு வாரத்துக்குள்ளாகவே இறால் முழுவதும் மடிந்துபோதல் உண்டு; மருந்து எதுவுமில்லை. இரண்டாண்டு கழித்து மீண்டும் பெருந்தொற்று வந்தது. கம்பனிகள் பல கைவிட்டுச் சென்றன; அவற்றுக்கு வேறு தொழில்களும் வேறு ஊர்களும் இருந்தன. எஞ்சி நின்றவர் போக்கிடமற்ற சிறு பண்ணையாளர். சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் வழியில் வெறுங் குளங்கள் வரண்டு வெடித்துக் கிடக்கும் காட்சி அக்காலத்தது. அவற்றுட் சில பின்னரும் மீளவில்லை.

அதே 1996 ஆம் ஆண்டு, திசெம்பர் 11 ஆம் நாள், பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்திய உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கரையோரக் காப்பு வலயத்துள் அமைந்த இறாற் பண்ணைகளை அகற்றுமாறு அந்நீதிமன்றம் பணித்தது. தஞ்சைக் கழனிகள் உவர்ப்பதும், குடிநீர்க் கிணறுகள் கெடுவதும், மீனவர் கடற்கரைக்குச் செல்லும் வழி அடைபடுவதும் அவ்வழக்கிற் கூறப்பட்ட குறைகளாம். பின்னர் இந்தியப் பாராளுமன்றம் 2005 இற் கரையோர நீருயிர் வளர்ப்புக்கெனத் தனிச்சட்டமும் தனி அதிகாரசபையும் அமைத்துத் தொழிலை ஒழுங்குசெய்தது. ஆங்கே மக்கள் இயக்கமும் நீதிமன்றமும் செய்ததை, ஈங்கே நோய் செய்தது எனலாம். ஒரே இடர்க்கு இரு கரையினரும் கண்ட பரிகாரங்கள் வேறுவேறாயின.

இலங்கை அரசினர் 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிர் வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவினர். பத்துளு ஓயாவில் இறாற் பண்ணைகளைக் கண்காணிப்பதற்கென அதன் நிலையமொன்றும் இயங்கலாயிற்று. ஆயின் அலுவலர் சிலர் ஆயிரக்கணக்கான குளங்களைக் காத்தல் எங்ஙனம்? எந்தக் குளத்தில் எவன் இரவோடிரவாகக் குஞ்சு விட்டான் என்பதை அறிபவன் அயற் குளத்துக்காரனே. ஆகவே காவலை அயலாரிடமே ஒப்படைக்கும் முறை உருவாயிற்று. வாய்க்காலின் ஒரு துண்டிலிருந்து நீர்பெறும் பண்ணையாளர் யாவரும் ஒரு சங்கமாயினர். சிங்களத்திற் 'சமிதிய' என வழங்கும் இச்சங்கங்களிற் சிங்களரும் தமிழரும் முசிலிம்களும் கத்தோலிக்கரும் உறுப்பினராவர். நீருக்கு இனவேறுபாடு தெரியாதன்றோ. இச்சங்கங்களுக்கெல்லாம் மேலாக நின்று தொழில் முழுவதற்கும் குரல்கொடுப்பது இலங்கை நீருயிர் வளர்ப்பு அபிவிருத்திக் கூட்டமைப்பாகும். இலாபம் பங்கிடும் கம்பனியன்று அது, தொழிலாளர் சங்கமுமன்று. பண்ணையாளரின் சமாசம் என்றல் பொருந்தும்.

இச்சமாசமும் அதிகாரசபையும் ஆண்டுதோறும் கூடி ஒரு பயிர் நாட்காட்டியை வகுக்கின்றன. உழவர் குளத்து நீருக்கு முறைவைத்துப் பாய்ச்சுவதை ஒத்தது இது. கரையோரம் வலயங்களாகவும் அவை உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டு, எவ்வலயத்தார் எந்த மாதத்திற் குஞ்சு விடலாம், எப்போது குளத்தை வெறுமையாக வைத்தல் வேண்டும் என விதிக்கப்படும். ஒருவர் அறுக்குங்கால் மற்றவர் விதையாதிருந்தால், கழிவுநீர் புதுக்குளத்திற் புகுவது குறையும். வாய்க்காலுக்கும் ஓய்வு கிட்டும். குளக்கட்டு பழுதுபார்க்கப்பட்டதா, நண்டும் பறவையும் புகாவண்ணம் வேலியும் வலையும் இடப்பட்டனவா, குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வாங்கிய குஞ்சுகள் பி.சி.ஆர். சோதனையில் வெண்புள்ளியற்றவையெனத் தேறினவா என்பவற்றையெல்லாம் சங்கத்தார் பார்த்த பின்னரே குஞ்சுவிட இசைவு கிடைக்கும். முறைதவறிக் குஞ்சு விட்டவனுக்கு அடுத்த பருவத்தில் இசைவு மறுக்கப்படுவதே பெருந்தண்டம். அதனினும் பெரிது ஊராரின் முகத்தில் விழித்தல்.

பொதுவுடைமையான மேய்ச்சற் காட்டையும் நீரையும் மக்கள் தாமே விதிவகுத்துக் காக்கவல்லர் என்பதை எலினோர் ஒசுத்துரோம் அம்மையார் 1990 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 2009 இல் அவர்க்கு நொபெல் பரிசு கிடைத்தது. அவர் வகுத்த நெறிகளை அளவுகோலாகக் கொண்டு இவ்விறாற் சங்கங்களை ஆராய்ந்தோர், அவை பெரும்பாலும் அந்நெறிகளுக்கு இயைந்தே நடப்பதாகக் கண்டனர். குளம் ஒருவனுக்குத் தனியுடைமை. அதற்கு வரும் நீரோ எல்லார்க்கும் பொது. தனியுடைமைக்காரரைப் பொதுநெறிக்குட் கட்டிய கயிறு நோயச்சமே.

இத்துணையும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாதுவிடுதல் வரலாற்றுக்கு அழகன்று. ஒரு தொழிலுக்காக வாதாடுஞ் சங்கம் அத்தொழிலைச் செய்யாதவர்க்காகவும் வாதாடுமோ? களப்பிலே தூண்டிலும் வீச்சுவலையும் கொண்டு பிழைப்பவன் அச்சங்கத்தில் உறுப்பினனல்லன். கண்டற் காடு அழிந்தபோது மீன்குஞ்சுகளின் தொட்டில் அழிந்தது. அவ்விழப்பு எந்தப் பண்ணைக் கணக்கேட்டிலும் செலவாகப் பதியப்படவில்லை. அவர்க்காகக் குரலெழுப்பியது சிலாபத்தை அடுத்த பம்பலையை நிலைக்களமாகக் கொண்ட சுதீசா என்னும் சிறு மீனவர் அமைப்பாகும். கைவிடப்பட்ட இறாற் குளங்களிற் கண்டற் கன்றுகளை நட்டும், களப்போரப் பெண்களுக்குச் சிறுகடன் வழங்கி அவரைக் கண்டற் காவலராக்கியும் அது பணிசெய்தது. 2015 இற் கண்டல்களைக் காக்கும் நாடளாவிய திட்டம் அதன் துணையோடு தொடங்கிற்று; 2016 இற் பம்பலையிற் கண்டல் நூதனசாலை திறக்கப்பட்டது. ஒரே களப்பின் இரு கரைகளில் இவ்விரு அமைப்புகளும் நிற்கின்றன. ஒன்று நீரைத் தன் குளத்துக்காகக் காக்கின்றது, மற்றது நீரை நீருக்காகவே காக்கின்றது என்று கூறின் அது மிகையாகும். இரண்டும் வயிற்றுப்பாட்டின் பொருட்டே காக்கின்றன. எவருடைய வயிறு என்பதே வேறுபாடு.

உடப்பு போன்ற ஊர்களிலே இவ்வேறுபாடு ஒரு குடும்பத்துக்குள்ளேயே காணப்படும். தமையன் கரைவலைச் சம்மாட்டியாகவும், தம்பி முந்தற் களப்போரத்திற் குளம் வைத்தவனாகவும் இருத்தல் கூடும். ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் தீமிதிப்புக்கு இருவரும் ஒருங்கே காப்புக் கட்டுவர். களப்பு நீரைப் பற்றிய பேச்செழுந்தாலோ ஒருங்கே இரார்.

அண்மைக் காலத்திற் புலியிறாலின் இடத்தைப் பசுபிக்குக் கடலின் அமெரிக்கக் கரைக்குரிய வனாமி என்னும் வெண்ணிறால் பிடித்து வருகின்றது. நோயற்ற தாயிறாலைப் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்த்தெடுக்கலாம் என்பதும், நெருக்கி வளர்த்தாலும் தாங்கும் என்பதும் அதற்குக் கூறப்படும் சிறப்புகள். அந்நிய இனத்தை உள்ளே விடலாகாதென அரசினர் நெடுங்காலம் தடுத்திருந்தனர். அத்தடை தளர்ந்தபோது பண்ணையாளர் பலர் மகிழ்ந்தனர். ஆயினும் நெருக்கி வளர்ப்பதற்கு மின்சாரமும் காற்றூட்டும் பொறியும் மிகுந்த தீனியும் வேண்டும். பணமுடையவனுக்கு அது வாய்க்கும். ஒற்றைக் குளத்துக்காரனுக்கு வாய்ப்பது அரிது. ஒவ்வொரு குளத்துக்காரனுக்கும் சமமான குரலளித்துக் கட்டப்பட்ட சங்கத்துக்கு, இனிமேல் உள்ளிருந்தே சோதனை வரவுள்ளது. வலயத்தாரின் முறை நாட்காட்டி புலியிறாலின் பருவத்தை நோக்கி வகுக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் வளர்க்கத்தக்க புதிய இறாலை வைத்திருப்பவன் தன் முறை வருமட்டும் குளத்தை வெறுமையாய் வைத்திருக்க இசைவானோ என்பதே சங்கக் கூட்டங்களில் இன்று எழும் வினா.