மென்பொருள் பொறியியல் இறுதியாண்டுச் செயற்திட்டம்

மென்பொருள் பொறியியல் இறுதியாண்டுச் செயற்திட்டம் என்பது பட்டம் பெறவிருக்கும் மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தேவைகளைக் கேட்டறிவது முதல் ஒப்படைப்பது வரை ஒரு மென்பொருளைத் தாமே உருவாக்கும் பாடம் ஆகும். ஆங்கிலத்தில் இது கேப்ஸ்டோன் எனப்படுகிறது. கட்டுமானத்தின் உச்சியில் இறுதியாக வைக்கப்படும் கல் என்பது அச்சொல்லின் பொருள். ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சமூகம் ஆகியவை 2004 இல் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டி, இச்செயற்திட்டம் இறுதியாண்டு முழுவதும் நீடிப்பது நல்லது எனப் பரிந்துரைத்தது.

வாடிக்கையாளர்

ஆய்வகப் பயிற்சியில் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். உண்மைப் பணியிலோ கேட்பவருக்கே தன் தேவை முழுதாகத் தெரிவதில்லை. இதை விரிவுரையால் கற்பிப்பது கடினம். வாடிக்கையாளர் ஒருவர் தேவை.

பாரி போம் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1996 இல் முதுநிலை மாணவர்களுக்கு நடத்திய பாடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அப்பல்கலைக்கழக நூலகமே வாடிக்கையாளர். முதற் பருவத்தில் 15 குழுக்கள் தேவைகளையும் கட்டமைப்பையும் வரையறுத்தன. அவற்றுள் சில மட்டுமே அடுத்த பருவத்தில் நிரலாக்கத்துக்குத் தெரிவாயின. எவை செய்வதற்கு எளியவை, எவை கடினமானவை என்பதை நூலகர்களுக்கு விளக்கும் பட்டியல்களும் பின்னர் உருவாக்கப்பட்டன.

மதிப்பிடல்

ஒருவர் நிரல் எழுத, மற்றவர்கள் அறிக்கையை அச்சிட்டுக் கட்டும் குழுக்கள் எங்கும் உண்டு. பதிப்புக் கட்டுப்பாட்டு வரலாறு தனிப்பட்ட பங்களிப்பை ஓரளவு காட்டும். ஆனால் வரிகளை மட்டும் எண்ணினால், வாடிக்கையாளரிடம் பேசித் தேவையைத் தெளிவாக்கியவரின் உழைப்பு மறைந்துவிடும். எனவே சக மாணவர் மதிப்பீடும் தனித்தனி வாய்மொழித் தேர்வும் உடன் சேர்க்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில், இணைப்புக் கல்லூரிகளின் கணினி அறிவியல் மாணவர்களுக்கு எட்டாம் பருவச் செயற்திட்டத்துக்கு 10 மதிப்பலகுகள் ஒதுக்கப்பட்டன. மூன்று மீளாய்வுகளுக்குப் பின் வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

வளாக வேலைவாய்ப்புத் தேர்வுகள் பெரும்பாலும் இதற்கு முன்பே முடிந்துவிடுவதால், பலர் செயற்திட்டத்தை ஒரு சடங்காகவே கருதுகின்றனர். மூலநிரல், அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி ஆகியவற்றை ஒருசேர விற்கும் 'புராஜெக்ட் சென்டர்'கள் இந்தச் சூழலில்தான் பெருகின. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர், நிரலைப் பெற விலை கொடுக்கவும் தேவையில்லாமல் போனது.

தலைப்பை மாணவர் கடையில் தேடும்வரை, கண்காணிப்பினால் மட்டும் இதைத் தடுக்க இயலாது. கல்லூரி விடுதியின் உணவுக் கணக்கு போன்ற உள்ளூர்த் தேவை ஒன்றை எடுத்துக்கொண்டால், விடுதிக் காப்பாளர் வாரந்தோறும் கேட்கும் மாற்றங்களுக்கு ஆயத்த நிரல் கிடைக்காது. தேர்வாளரும் முன்கூட்டி எழுதிய விளக்கத்தைக் கேட்பதற்குப் பதிலாக, அத்தகைய சிறு மாற்றம் ஒன்றை அங்கேயே செய்து காட்டச் சொல்லலாம்.