புஷ்மன் அகராதியை ஆக்கியோர்

ஓர் அகராதியின் முகப்பேட்டில் உள்ள பெயரே அதனைத் தொகுத்தார் பெயர் என்று கொள்ளுதல் வழக்கம். தென்னாப்பிரிக்கத் தொல்குடிகளின் மொழியாகிய ஃகம் மொழிச் சொற்களை அதன் இனமொழிச் சொற்களோடு திரட்டித் தரும் ‘புஷ்மன் அகராதி’க்கு இவ்வழக்கம் பொருந்தாது என்பது எம் கருத்து. அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகம் 1956இல் வெளியிட்ட அந்நூல் தொரோத்தியா பிளீக் என்னும் அம்மையாரின் பெயரைத் தாங்கியுளது. அவர் 1948இலேயே மறைந்தார். தொடர்ந்த பணி தொடங்கியதோ 1870இல்.

ஃகம் என்று நாம் எழுதுவதும் குறையுடையதே. அப்பெயரின் முதலொலி, நாம் இரக்கத்தால் உச்சுக் கொட்டுங்கால் பிறக்கும் ஒலியை ஒத்தது. நமக்கு அது எழுத்தன்று. அம்மொழியிலோ பொருள் வேறுபடுத்தும் மெய். இத்தகைய சொடுக்கொலிகளைக் கோடுகளால் குறித்தனர்.

கேப் டவுனில் நூலகப் பொறுப்பிலிருந்த செருமானிய மொழியறிஞர் வில்கெல்ம் பிளீக், ஆங்குச் சிறைப்பட்டிருந்த ஃகம் மக்கள் சிலரைத் தம் இல்லத்தில் தங்கவைத்துப் பாடம் கேட்கும் இசைவைப் பெற்றார். குடியேறியோர் வேட்டை நிலங்களைக் கவர்ந்தபின் ஆடுமாடு கவர்ந்த குற்றத்திற்காகச் சிறை புகுந்தோர் பலர். பிளீக்கின் மைத்துனியார் லூசி லாயிட் உடனிருந்து எழுதினார். இருதிறத்தார்க்கும் பொதுவாயிருந்தவை டச்சுச் சொற்கள் சிலவே. லாயிட் தம் குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் மூலத்தையும் ஆங்கிலத்தையும் அருகருகே எழுதி, இடப்பக்கத்தை விளக்கங்களுக்கு ஒதுக்கினார். சொற்பட்டியலோடு நில்லாது கதைகளிலிருந்தும் சொற்களை எடுத்தமையால், சொல்லின் ஆட்சி அழியாது நின்றது. 1875இல் பிளீக் இறந்தபின்னும் லாயிட் அப்பணியை விட்டிலர். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு பதவியிலிருந்த தொரோத்தியா, பிளீக்கின் மகளார். தந்தையும் பெரிய தாயாரும் விட்டுச்சென்ற ஏடுகளோடு தாம் களத்தில் திரட்டியவற்றையும் சேர்த்தார்.

இவர்களைத் தொண்டர் என்பதில் தடையில்லை. ஆயின், அவர்க்கு மொழி கற்பித்தோர் யாவர்? 1871 தொடக்கத்தில் வந்த கப்போ என்னும் முதியவரை ஈண்டு நோக்குதல் வேண்டும். அவர் தண்டனைக் காலம் அவ்வாண்டிலேயே முடிந்தது. எனினும் அவர் 1873 அக்டோபர் வரை தங்கிக் கதை கூறினார். தம் மக்களின் கதைகள் நூல்வழியே அறியப்பெறுதலை அவர் விரும்பினார் என்பது பதிவாகியுளது. வேட்டைக்கு ஒரு துப்பாக்கி கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பும் அவர்க்கிருந்தது. அதனை மறைத்து அவரைத் துறவியாக்குதல் ஆய்வாளர்க்கு அழகன்று. மனைவியையும் ஊரையும் நினைந்து ஏங்கியவாறே அவர் ஆசிரியராய் அமர்ந்திருந்தார். கைதியாய்த் தொடங்கியவர் தம் விருப்பால் தங்கிய அக்காலமே அகராதியின் அடித்தளம் என்போம். ஊர் திரும்பிய கப்போ 1876இல் இறந்தார்.

1910ஐ ஒட்டி அவர் நாட்டுப்பகுதிக்குச் சென்ற தொரோத்தியா, எஞ்சியோரிடத்து மொழியும் கதைகளும் அருகி வருதலைக் கண்டார். பின்னர் அம்மொழி பேசுவோர் இலராயினர். 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசு தன் புதிய இலச்சினையில் ஃகம் மொழித் தொடரொன்றைப் பொறித்தது. அத்தொடர் அம்மொழி மரபிற்கு ஒத்ததா என்று கேட்டறிதற்கு அதனைப் பேசுவார் ஒருவரும் இலர். அகராதியையும் குறிப்பேடுகளையுமே புரட்ட வேண்டியுளது.